பூச்சோங் காட்டில் ஒரு வகுப்பறை

பூச்சோங் என்றதும் எல்டிபி நெடுஞ்சாலை நெரிசலும், வாழை இலை உணவகங்களும், புதிது புதிதாக எழும் அடுக்குமாடிகளும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த அடுக்குமாடிகளுக்குப் பின்னால் ஒரு காடு இருக்கிறது. பெயர் ஆயர் ஹீத்தாம் வனக் காப்பகம். ஜொகூரில் உள்ள ஆயர் ஹீத்தாம் ஊர் வேறு. இது நம் சிலாங்கூரில், பூச்சோங்குக்கும் ஸ்ரீ கெம்பாங்கானுக்கும் நடுவில் இருக்கிறது.

செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் வனவியல் மாணவர்களுக்கு இந்தக் காடுதான் வகுப்பறை. 1996-இல் சிலாங்கூர் அரசு கல்விக்கும் ஆய்வுக்குமாக இதை 80 ஆண்டுக் குத்தகைக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்தது.

நான் இங்கே போனதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடிவுகள் வரும் வாரங்களில் எங்கள் வானொலி நிகழ்ச்சிக்கு மேற்படிப்பு பற்றிய அழைப்புகள் குவியும். ஒரு தாயார் கேட்டார்: "பிள்ளைக்கு வனம், இயற்கை வளம்னு ஏதோ கிடைச்சிருக்கு. காடு மேட்டை விட்டு வெளிய வரணும்னுதானே நாம படிச்சோம்? மறுபடியும் மரத்துகிட்டவா அனுப்பறது?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரின் கேள்வி அது. அடுத்த பாட்டுக்கு முன் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கக் கூடியதல்ல. அதனால் முறையாக அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை காலை இறுதியாண்டு மாணவி ஒருவருடன் காட்டுக்குள் நடந்தேன்.

வானொலியில் இருப்பவர்களுக்குக் காதுதான் முதலில் வேலை செய்யும். முதல் சில நிமிடங்கள் லாரிச் சத்தம் கூடவே வந்தது. ஒரு மேடு ஏறி இறங்கியதும் அது தேய்ந்து, சில்வண்டுகளின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது.

மாணவி ஒரு மரத்தின் முன் நின்று அளவு நாடாவை எடுத்தார். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளந்து எழுதிக்கொண்டார். பலகை வேர் அந்த உயரத்தைத் தாண்டியிருந்தால் வேருக்கு மேலே அளக்க வேண்டுமாம். எல்லை குறித்த நிலத்துண்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். சில ஆண்டுகள் கழித்து அதே மரங்களை மீண்டும் அளப்பார்கள். எவ்வளவு பருத்தது, எத்தனை செத்தது, புதிதாக எத்தனை வந்தது என்பதே கணக்கு.

"காடு நல்லா இருக்கான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாதுக்கா. எப்பவும் பச்சையாத்தான் தெரியும். எண்ணிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார்.

அவருடைய பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டத்தில் ரப்பர் மரம் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் சுற்றளவு வந்த பிறகுதான் வெட்டுக்கு எடுப்பார்கள். மரத்தை அளப்பது நம் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஆனால் தோட்டத்தில் நிரை நிரையாக ஒரே மரம். இங்கே 400-க்கும் மேற்பட்ட விதைத் தாவர இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் இலையைப் பார்த்து, பட்டையைக் கீறி, வாசனை பிடித்துப் பெயர் சொல்லக் கற்க வேண்டும்.

1906-இல் இந்தக் காப்பகம் சுமார் 4,270 ஹெக்டேர் இருந்தது. இன்று எஞ்சியிருப்பது 1,200 ஹெக்டேருக்குச் சற்று மேல்தான். 1936-க்கும் 1965-க்கும் இடையில் பலமுறை மரம் வெட்டப்பட்ட காடு இது. வெட்டுப்பட்டும் மீண்டு எழுந்தது. இப்போதைய சிக்கல் வேறு. நாலாபுறமும் வீடும் சாலையும் சூழ்ந்து, இது ஒரு தீவாகிவிட்டது.

மெராந்தி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆண்டுதோறும் பூப்பதில்லை; சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூத்துக் காய்க்கும். இறக்கை வைத்த விதை சுழன்று சுழன்று இறங்கினாலும், பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழும். நெல்லைப் போல் அதைக் காயவைத்துச் சேமிக்கவும் முடியாது, காய்ந்தால் செத்துவிடும். தீவாகிப்போன காட்டில் ஒரு தாய்மரம் சாய்ந்தால், வெளியிலிருந்து விதை வர வழியில்லை. எந்த இனத்தில் எத்தனை தாய்மரம் மிச்சம் என்று தெரிந்தால்தான் எதை நடுவது, எங்கே நடுவது என்று முடிவெடுக்கலாம்.

இந்தக் கணக்கு காட்டுக்கு வெளியேயும் தேவைப்படுகிறது. சிலாங்கூரில் ஒரு வனக் காப்பகத்தின் தகுதியை நீக்குவதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2011-இல் சட்டம் திருத்தப்பட்டது. கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தின் பெரும்பகுதி நீக்கப்பட்டதாக 2021-இல் செய்தி வெளியானபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டது. அப்படிப்பட்ட கூட்டங்களில் "காடு அழகானது" என்று சொன்னால் போதாது. உள்ளே என்ன இருக்கிறது, போனால் திரும்புமா என்று ஆதாரத்தோடு பேச ஆள் வேண்டும்.

வேலை? வனத்துறை, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான், கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம், சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் என வாசல்கள் உண்டு. பட்டம் வாங்கிய கையோடு எல்லாருக்கும் வேலை காத்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வெயில், மழை, கொசு, சேறு எல்லாம் இந்தப் படிப்பில் சேர்த்தி. உயிரியல் பிடிக்க வேண்டும், நடக்கப் பிடிக்க வேண்டும், கணக்குக்குப் பயப்படக் கூடாது.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். நம் பெரியவர்கள் மரங்களை விட்டு வெளியே வந்தது சரியே. எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று அவர்களிடம் யாரும் கேட்டதில்லை. உங்கள் பிள்ளை அதை முடிவு செய்யும் மேசையில் உட்காரப் படிக்கப் போகிறார்.

ஆயர் ஹீத்தாம் குத்தகை 2076-இல் முடிகிறது. இன்று நாடா பிடிக்கும் அந்த மாணவி அப்போது எழுபதைத் தாண்டியிருப்பார். அவர் எழுதி வைத்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு இருப்பவர்கள் பேச வேண்டியிருக்கும்.