தேரிக் காட்டுக் கற்றாழை

திருச்செந்தூரிலிருந்து சென்று காயாமொழியைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. அதுவரை வெளிறிக் கிடந்த நிலம் செங்காவி பூசிக்கொண்டாற் போல் சிவக்கிறது. காற்றுக் குவித்த செம்மணல் மேடுகள். ஆங்காங்கே பனையும், குடை விரித்தாற் போன்ற உடைமரமும், கொல்லாமரமும். அதுதான் குதிரைமொழித் தேரி. பங்குனி வெயிலில் செருப்பின்றி அங்கே நிற்க இயலாது. நான் அங்கே சென்றது இயற்கையழகைக் காண்பதற்கன்று, ஒரு கற்றாழைக்காக.

மறைந்த என் தாயார் வீட்டு முற்றத்தில், மண்தொட்டியொன்றில் சோற்றுக்கற்றாழை வளர்த்து வந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அது எங்களோடு இருந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்ட விரலுக்கெல்லாம் அதன் மடல்தான் மருந்து. அதற்கு அவர்கள் நீரூற்றிப் பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. அவர்கள் வஃபாத்தான பின் அப்பொறுப்பை நான் ஏற்றேன். ஃபஜ்ரு தொழுது வந்ததும் ஒரு செம்பு நீர். மாலையில் மத்ரஸா விட்டு வந்ததும் இன்னொரு செம்பு. தொட்டி பழையதாயிற்றே என்று பளபளப்பான பீங்கான் தொட்டிக்கு மாற்றினேன். அதன் அடியில் துளையில்லை என்பதை விற்றவர் சொல்லவுமில்லை, நான் பார்க்கவுமில்லை. இரண்டு மாதங்களில் மடல்கள் மஞ்சளித்து, நீர் கோத்து, தொட்டதும் வேரிலிருந்து கழன்று கையோடு வந்தன. "உம்மா வச்ச செடியாச்சே!" என்று லாத்தா கண்கலங்கியபோது என்னிடம் பதிலில்லை. ஓரத்தில் விரல் நீளக் கன்று ஒன்று மட்டும் அழுகாமல் எஞ்சியிருந்தது.

என் தாயாருக்கு அச்செடியைத் தந்தவர் தேரிக்கரையில் வாழும் ஒரு பனையேறி. முதியவரான அவரைத் தேடிச் சென்று நடந்ததைக் கூறினேன். அவர் பேசாமல் என்னை மணல்மேட்டுக்குள் அழைத்துச் சென்றார். உடைமரத்தின் அரை நிழலில் கற்றாழைகள் கூட்டமாக நின்றன. அருகே பிரண்டை மரத்தைப் பற்றி ஏறியிருந்தது, வேலியோரமெங்கும் திருகுகள்ளி. கற்றாழையின் அருகில் மணலைக் கையால் பறித்தேன். ஒரு சாண் ஆழம் வரை பொடியாக உதிர்ந்தது. மழை பெய்தாலும் நீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும் மண். "இங்க யாரு பாய் தண்ணி ஊத்துறா?" என்றார் அவர். "தெரியாம செஞ்சிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

இவ்வினச் செடிகள் மழைநீரை மடலிலும் தண்டிலும் சேமித்து வைத்து வாழ்பவை. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து, கரியமில வாயுவை அமிலமாக்கி வைத்துக்கொள்கின்றன. தரங்கம்பாடிக்கு ஊழியம் செய்ய வந்து, பின் தாவரவியலராகிய பெஞ்சமின் ஹைன் என்பவர், ரணகள்ளி இலை காலையில் புளிப்பதையும் நண்பகலில் சுவையற்றுப் போவதையும் மென்று பார்த்தே கண்டறிந்தார். 1815இல் அச்சான அவருடைய கடிதத்தில் இச்செய்தி உள்ளது.

கெய்ரோவில் புதுவீட்டு வாசலில் கற்றாழையைத் தொங்கவிடும் வழக்கத்தை எட்வர்ட் லேன் 1836இல் வெளியிட்ட நூலில் பதிந்துள்ளார். மண்ணும் நீருமின்றி அது பல ஆண்டுகள் உயிர்வாழுமாம். அரபியில் அதன் பெயர் 'ஸப்ர்', அதாவது பொறுமை. நம் கடைத்தெருக்களிலும் தலைகீழாகக் கட்டுகிறார்கள். கண்ணேறுக்காக என்பதில் எனக்கு உடன்பாடில்லை; பெயர் பொருத்தமானது.

வீடு திரும்பியதும் கன்றை எடுத்து, அழுகிய வேரை நறுக்கி, காயம் காயும்வரை ஐந்து நாள் நிழலில் வைத்தேன். தேரி மணல் மிக நுண்ணியது. மேட்டில் நீரை வடிக்கும் அது சிறு தொட்டியில் இறுகிவிடக்கூடும். ஆகவே ஒரு பங்கு தோட்டமண்ணுடன் இரு பங்கு பருமணலும் செங்கல் நொறுக்கும் கலந்தேன். தாயாரின் அந்தப் பழைய தொட்டியையே மீண்டும் எடுத்தேன். சுடுமண் ஈரத்தை வெளியேற்றும், அடியில் துளையும் உண்டு. கிழக்குப் பார்த்த சன்னலருகே இடம். நிழலில் வளர்ந்ததை ஒரேயடியாக உச்சிவெயிலில் வைத்தால் மடல் கருகிவிடும். இரண்டு விரற்கடை ஆழம் மண் காய்ந்த பிறகே, அடியில் வடியும்வரை நீர். வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிடலாகாது. மடல் சுருங்கினால் தாகம், குழைந்தால் அழுகல். முன்னதற்கு மருந்து எளிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாழ்வாரத்திற்குள் வைத்துவிட வேண்டும். திருகுகள்ளியை மட்டும், குழந்தைகள் உள்ள வீட்டில் வளர்க்க வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு.

நாற்பது நாட்களாயிற்று, இரண்டே முறை நீரூற்றினேன். கன்றின் நடுவில் புதுமடலொன்று வெளிர்பச்சையாய் எட்டிப்பார்க்கிறது. சென்ற வெள்ளியன்று வந்த லாத்தா, "மண்ணு காஞ்சு கெடக்கே, பாக்க மாட்டியா நீ?" என்று செம்பைக் கையிலெடுத்தார்கள். நான் ஓடிச்சென்று அதை வாங்கிக்கொண்டேன்.