மகஜரும் மதிப்பீடும்

சர்க்காரிடம் கேட்பதற்கு நம்மிடம் சொற்பஞ்சம் என்றும் இருந்ததில்லை. அர்ஜி என்கிறோம், மகஜர் என்கிறோம். இரண்டும் அரபு வேரில் பிறந்து, பாரசீகத்தின் வழியாகக் கச்சேரி மொழியில் புகுந்து, நமது தாலுகா அலுவலகங்கள் வரை வந்து சேர்ந்தவை. வசூல், பாக்கி, ஜப்தி, தாசில் ஆகிய சொற்களின் பூர்வீகமும் அதுவே. நவாபு போய், கும்பெனி போய், வெள்ளைக்காரனும் போன பின்னரும் இச்சொற்கள் போகவில்லை. ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது. திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. கோவைக் கலெக்டர் அலுவலக வாயிலில் ஒரு திங்கட்கிழமை காலையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்: வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். அத்தாளில் துன்பம் நிறைய இருக்கும், அளவு இராது.

அவிநாசிக்கு வடக்கே உள்ள நமது சிற்றூரைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். மேற்கு மலையின் மழை மறைவில் கிடக்கிற மண் அது. பாறையை உடைத்து வெட்டிய கிணறுகளெல்லாம் வற்றிவிட்டன. ஆயிரம் அடிக்குக் கீழே துளையிட்டும் புழுதி பறந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறோம். ஊருக்குக் கிழக்கே குட்டை ஒன்று உண்டு. அது நிறைந்திருந்த நாளில் பள்ளிவாசல் கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் நீர் நின்றது என்று பெரியவர்கள் கூறுவர். நாம் கண்ட நாளிலிருந்து அங்கே சீமைக் கருவேலம்தான்.

காலஞ்சென்ற ஜமாஅத் செயலாளர் ஒருவரின் தகரப் பெட்டியில், அக்குட்டைக்காகப் பல்லாண்டுகளில் அனுப்பப்பட்ட மகஜர்களின் நகல்கள் பதினேழு கிடைத்தன. எழுத்து முத்து முத்தாக இருந்தது. "ஏழை எளிய மக்களாகிய எங்கள் மீது சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து" என்றே அத்தனையும் தொடங்கின. வந்த பதில்கள் இரண்டே. ஒன்று, "பரிசீலனையில் உள்ளது." மற்றொன்று, "நிதி வரப்பெற்றவுடன் ஆவன செய்யப்படும்." பதில் எழுதிய குமாஸ்தாவைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. குட்டையின் சர்வே எண் என்ன, பரப்பு எவ்வளவு, கரையின் நீளம் எத்தனை மீட்டர் என்று பதினேழு மகஜரிலும் ஒரு வரி கூட இல்லை. கருணையை எந்தக் கணக்குத் தலைப்பில் அவர் எழுதுவார்?

இதே கோவை மாவட்டத்தில் வேறு விதமாகக் கேட்ட ஊர் ஒன்று உண்டு. மேட்டுப்பாளையத்துக்கு அருகே, காரமடை ஒன்றியத்தில், நீலகிரி மலையடிவாரத்தில் இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு 1996-இல் நடந்த தேர்தலில் ஆர். சண்முகம் அங்கே தலைவரானார். குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றின் மின்கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறி ஊராட்சியின் வருவாயை விழுங்கியது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று மகஜர் எழுதும் கட்டம் அது. ஓடந்துறையாரோ கட்டண ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். குடிநீர் இறைக்கும் மோட்டாருக்கு விறகுக் கழிவிலிருந்து எரிவாயு உண்டாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் சாதனம் ஒன்றை நிறுவினார்கள். சூரிய விளக்குகள் வந்தன. அதன் பிறகும் கணக்கு நேராகவில்லை. 2006-இல் ஊராட்சியே 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை வாங்கியது.

விலை ரூ. 1.55 கோடி. அதில் ரூ. 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, எஞ்சிய ரூ. 1.15 கோடி வங்கிக் கடன். ஓர் ஊராட்சி மன்றம் காற்றாலைக்காக வங்கி வாயிலில் நின்றது என்பதை இன்று படிக்கும்போதும் வியப்பாகவே இருக்கிறது. இதில் நம்மைக் கவர்ந்த நுட்பம் இன்னொன்று. அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று பாய்ந்து வரும் உடுமலைப் பக்கம், மைவாடியில் நிறுத்தப்பட்டது. காற்று எங்கே வீசுகிறதோ அங்கே காற்றாலை. அதன் வரவு ஓடந்துறைக் கணக்கில். ஊர்ப்பெருமைக்காக ஊர் எல்லையிலேயே நட்டிருந்தால் அது சுற்றியிருக்காது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மிச்சம் மின்வாரியத்துக்கு விற்பனை. அந்த வருவாயிலிருந்தே கடனை அடைப்பது என்பது ஏற்பாடு. வங்கிக்காரர் கண்ணீரைப் பார்த்துக் கடன் கொடுப்பதில்லை. மாதாந்திர வரவைப் பார்த்துக் கொடுக்கிறார். பின்னாளில் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் அங்கு வந்து பார்த்துச் சென்றார்கள். நமது ஊரிலிருந்து ஓடந்துறைக்கு ஒரு மணி நேரப் பயணம்தான். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

சர்க்காரின் போக்கும் இதற்கிடையில் மாறிவிட்டிருந்தது. குடிநீர்த் திட்டச் செலவில் 10 விழுக்காட்டை மக்களே தர வேண்டும் என்ற முறையை மத்திய அரசு 1999-இல் சோதனையாகத் தொடங்கி, 2002-இல் ஸ்வஜல்தாரா என்ற பெயரில் நாடு முழுவதும் விரித்தது. தமிழகத்தில் 1997-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டம் 2011-இல் 'தன்னிறைவுத் திட்டம்' ஆகி, 2021-இல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தந்தால் மீதியைச் சர்க்கார் தரும். 2017-இல் வந்த குடிமராமத்துப் பணிகளிலும் விவசாயிகளின் பங்கு 10 விழுக்காடு. அதை உழைப்பாகவும் செலுத்தலாம் என்றிருந்தது. ஆக, வெறுங்கையோடு போகிறவருக்கு இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இது நியாயமா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

2022-இல் நாம் நால்வர் ஒன்றிய அலுவலகத்துக்குச் சென்று, நமக்கு நாமே திட்டத்தில் குட்டையைத் தூர்வார என்ன வேண்டும் என்று கேட்டோம். பொறியாளர் இளைஞர், பொறுமைசாலி. "குட்டை எத்தனை ஏக்கருங்க?" என்றார். ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, புலப்படமும் 'அ' பதிவேட்டு நகலும் வாங்கி வரச் சொன்னார். வாங்கினோம். குட்டைப் புறம்போக்கு 2 ஏக்கர் 40 சென்ட் என்றிருந்தது. சர்வேயர் வந்து அளந்தபோது தரையில் நின்றது 1 ஏக்கர் 80 சென்ட். அறுபது சென்டைக் காணோம்!

அதன் பிறகு நடந்ததே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. காணாமற்போன நிலத்தில் பெரும்பகுதி ஒரு கவுண்டர் தோட்டத்துத் தென்னை வரிசைக்குள் இருந்தது. ஒரு பகுதியில் விசைத்தறிக் கொட்டகையின் பின்சுவர். மேற்கு மூலையில் நான்கு சென்ட், நமது கபரஸ்தானின் சுற்றுச்சுவருக்குள் இருந்தது. அச்சுவர் நமது பாட்டனார் காலத்தில் எழுந்தது. அந்த மூலையில் கபர் ஏதும் இல்லை, புல் மட்டுமே. ஆயினும் கபரஸ்தான் சுவரை இடிப்பது என்ற பேச்சு எழுந்தவுடன் மஹல்லாவில் எழுந்த கொந்தளிப்பை விவரிக்கத் தேவையில்லை. "நாலு சென்டுக்காகச் சுவரை இடிச்சா, நாளைக்கு மீதியையும் கேப்பாங்க, அத்தா" என்று இளைஞர்கள் சினந்தார்கள். அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. காலம் அப்படிப்பட்டது.

மூன்று வெள்ளிக்கிழமைகள் ஜும்ஆவுக்குப் பிறகு பேசினோம். முடிவில் வயதில் மூத்தவர் ஒருவர், "பிறர் இடத்தில் நின்று கொண்டு நம் மையித்துகளுக்கு துஆ கேட்க வேண்டாம். புது வேலி நம் எல்லையில் இருக்கட்டும், சர்வேயரிடம் எல்லைக்கல் நட்டுச் சான்று வாங்கிக் கொள்ளுங்கள்" என்றார். அந்தச் சான்று என்ற சொல்தான் இளைஞர்களை அமைதிப்படுத்தியது என்று நினைக்கிறோம். சுவரை நாமே பிரித்தோம். கற்களைக் குட்டையின் கரைக்கே கொடுத்துவிட்டோம். மறுவாரம் தென்னந்தோட்டத்துக் கவுண்டர் பள்ளிவாசல் திண்ணைக்கு வந்தார். "ஏனுங் பாய், எங்களக் கூப்புடாமயே வேலையத் தொடங்கீட்டா எப்படிங்க? எங்க எருமையும் அந்தக் குட்டையில குளிச்சதுதானுங்க" என்றார். பதினொரு தென்னைகள் போயின. கொட்டகைக்காரர் மட்டும் இறுதி வரை அசையவில்லை. அவருக்கு நோட்டீசு போனது.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மீட்டர் ஆழம் தூர் எடுத்தால் குட்டையில் கூடுதலாக எழுபது லட்சம் லிட்டருக்கு மேல் நிற்கும் என்று பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். கரை, மதகு, கலங்கு, வரத்து வாய்க்கால் எல்லாம் சேர்த்து மதிப்பீடு ரூ. 9 லட்சம். நமது பங்கு மூன்று லட்சம்.

மினாராவுக்கு என்றால் மூன்று லட்சம் ஒரு ரமலானில் சேர்ந்துவிடும். குட்டைக்கு என்றபோது, "அது சர்க்கார் வேலையாச்சே" என்ற பதிலைப் பல வாசல்களில் கேட்டோம். கிணறு தோண்டுவது நிலைத்து நிற்கும் தர்மம் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் மதரஸாவில் படித்திருக்கிறார்கள். மதீனாவில் ரூமா கிணற்றை உதுமான் (ரலி) அவர்கள் முதலில் பாதி உரிமை மட்டும் விலைக்கு வாங்கி, பிறகு முழுவதையும் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட வரலாறும் தெரியும். தெரிந்தும் பணப்பை திறக்கவில்லை. திறந்தவர்கள் பெண்கள். சுயஉதவிக் குழுக்கள் மூன்றில் இருந்த நமது வீட்டுப் பெண்களும் அருந்ததியர் தெருப் பெண்களும் பேசிவைத்து முதல் நாற்பதாயிரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். குடம் சுமந்தவர்கள் அவர்களல்லவா? அந்தத் தொகையைப் பார்த்த பின்னர் ஆடவர் ரோஷம் விழித்துக் கொண்டது. ஜமாஅத்தும் கோயில் கமிட்டியும் தனித்தனி ரசீதுப் புத்தகம் அச்சடிக்காமல், இரு தரப்பும் கையெழுத்திடும் ஒரே புத்தகம் அச்சடித்தது நல்லதாயிற்று. வரைவோலை எடுத்துக் கொடுத்த நான்காம் மாதம் நிர்வாக ஒப்புதல் வந்தது.

இனி அந்த நியாயக் கேள்வி. பங்குப் பணம் கேட்கும் முறை சுறுசுறுப்பான ஊருக்கு நன்மை செய்கிறது. மிக வறிய ஊரைக் கடைசியில் நிறுத்திவிடுகிறது. மூன்று லட்சம் திரட்ட முடியாத ஊரில்தான் தண்ணீர் அதிகம் தேவைப்படும். 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டம், மலை மற்றும் வனப்பகுதிகளுக்கும், தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் பெரும்பான்மையாக உள்ள ஊர்களுக்கும் பங்கை 5 விழுக்காடாக வைத்து, பிற ஊர்களுக்கு 10 என்றது. அந்த வேறுபாடு சரியானது. எல்லாத் திட்டங்களிலும் இருந்திருக்க வேண்டும். ஓடந்துறைக்குக் கூட, சேமிப்பு என்று ரூ. 40 லட்சம் இருந்ததனால்தான் வங்கி பேசியது. அதே நேரத்தில், பணம் இல்லாவிட்டாலும் சர்வே எண் எழுதலாம், எழுதுவதற்குக் காசில்லை.

பெரிய திட்டங்களும் சிறிய கணக்கைத்தான் சார்ந்து நிற்கின்றன. அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேலான கோரிக்கை. ரூ. 1,916 கோடிச் செலவில் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியாற்றில் வரும் 1.5 டி.எம்.சி. உபரிநீரைக் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 நீர்நிலைகளுக்குக் குழாய் வழியே ஏற்றுகிறது. நமது குட்டை அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்து ஊரில் இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தோம். குழாய் வருகிறது, குட்டைக்குள் கருவேலம் நிற்கிறது.

நமது குட்டையில் வேலை 2023 கோடையில் முடிந்தது. வண்டலை அனுமதி பெற்று விவசாயிகள் தோட்டங்களுக்கு அள்ளிச் சென்றார்கள். அவ்வாண்டு ஐப்பசியில் பாதிக்குட்டை நின்றது. பள்ளிவாசல் கிணற்றில் ஊற்றுக் கண்டது. கவுண்டர் எருமையை ஓட்டி வந்து இறக்கினார்.

இப்போது ஊர்க்கூட்டத்தில் பேசப்படுவது குடிநீர் மோட்டாருக்குச் சூரிய மின்தகடு. திட்ட அறிக்கைக்கு இரண்டாண்டு மின்கட்டண ரசீதுகள் இருபத்து நான்கும் வேண்டுமாம். ஊராட்சி அலுவலகக் கட்டுகளைப் பிரித்துத் தேடியதில் இருபத்திரண்டு கிடைத்திருக்கின்றன.