ஜூலையில் கஞ்சன்ஜங்கா தெரியவில்லை

பச்சைத் தேயிலைச் சரிவுக்கு மேலே கஞ்சன்ஜங்கா முழுதாக வெளுத்து நிற்கும் என் படம் பொய். கீழ்ப்பாதி ஜூலையில் எடுத்தது. அந்தக் காலையில் வடக்கே மேகத்தைத் தவிர எதுவும் இல்லை. மேலே நிற்கும் மலை, அதற்கு முந்தைய நவம்பரில் டார்ஜிலிங்கை அடுத்த டைகர் ஹில்லில் எடுத்தது. இரண்டையும் கணினியில் ஒட்டி, 'டார்ஜிலிங், ஜூலை மாதக் காலை' என்று எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒரே படம்தானா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அறியாமல் செய்ததல்ல. 8,586 மீட்டர் உயர மலை அது. டார்ஜிலிங்கிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் பருவக்காற்று இந்தச் சரிவுகளில்தான் வந்து முட்டுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மலை நாள்கணக்கில் முகம் காட்டாது. மழை ஓய்ந்த ஏதோவொரு விடியலில் தெரிவதும் உண்டு. அந்த 'உண்டு' என்பதைத்தான் எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன். தேயிலை பச்சைப்பசேலென்று இருப்பது அந்த மழையில்தான். எனக்கு அந்தப் பச்சையும் வேண்டியிருந்தது, நவம்பரின் வெள்ளையும் வேண்டியிருந்தது.

சத்யஜித் ராய் 1962இல் இதே ஊரில், இதே மலையின் பெயரில் ஒரு திரைப்படம் எடுத்தார். வெயிலில் தொடங்கி, மேகம் கூடி, மூடுபனி இறங்கி, கடைசியில்தான் பனிச்சிகரம் தெரிகிறது. மலையை மறைக்கும் வானிலையையே கதையின் உடம்பாக்கிய அந்தப் பொறுமையைப் பற்றி இளம் புகைப்படக்காரர்களிடம் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பேசிய வாயோடுதான் இதையும் செய்தேன்.

கூர்ந்து பார்த்தால் என் படமே என்னைக் காட்டிக்கொடுக்கும். நவம்பரில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் வெளிச்சம் மலையின் முன்முகத்தில் விழுகிறது. ஜூலையில் அது எழுவது வடகிழக்கில். செடிகளின் நிழல் வேறு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரே படத்துக்குள் இரண்டு சூரியன்கள்.

படம் வந்து சில காலம் கழித்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவரும் கணவரும் டார்ஜிலிங் போக ஜூலையைத் தேர்ந்தெடுத்தார்களாம். கணவருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி இவ்வளவு தூரம் வர இயலாது. தினமும் இருட்டிலேயே எழுந்து ஜீப் பிடித்துப் போய், மேகத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் இல்லை. எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் பதில் போட்டேன். அந்த மலை அப்படித்தான் அம்மா, எல்லாருக்கும் காட்சி கொடுக்காது என்று எழுதினேன். படத்தை ஒட்டியதைவிட இந்தப் பதிலுக்காகவே அதிகம் வெட்கப்படுகிறேன். உண்மையைச் சொல்ல அவர் என் கையில் ஒரு சந்தர்ப்பத்தையே கொடுத்தார். நான் அதை வாங்கிக்கொண்டு, அவருடைய அதிர்ஷ்டத்தின் மேல் பழியைப் போட்டு அனுப்பினேன்.

டீச்சர், உங்கள் அதிர்ஷ்டத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் தேடிப் போன காலை எந்த ஜூலையிலும் நடக்கவில்லை. உங்களையும் உங்கள் கணவரையும் அவ்வளவு தூரம் அலைய வைத்தவன் நான். என்னை மன்னியுங்கள்.

அந்தப் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். மலையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மழை ஓய்ந்த பிறகு, அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ போங்கள். ஒரே இரவில் திரும்பிவிடாமல் மூன்று நான்கு நாளாவது தங்குங்கள். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுங்கள்; வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகமும் ஏறிவிடும்.