குளச்சலிலிருந்து முட்டத்துக்குக் கடல்வழியே

குமரி மாவட்டக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்வோர் காண்பது பெரும்பாலும் தென்னைகளையும் மதில்களையுமே. வள்ளத்தில் செல்வோருக்கு அதே கரை வேறு முகம் காட்டுகிறது. 1741-இல் டச்சுப் படையைத் திருவிதாங்கூர் முறியடித்த குளச்சல் துறையை விட்டுத் தென்கிழக்கே திரும்பினால், கொட்டில்பாடு, மண்டைக்காடு, பெரியவிளை, சின்னவிளை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. கடியபட்டணத்தை நெருங்குகையில் மணற்கரை மறைந்து, கரும்பாறைகள் தலைகாட்டத் தொடங்குகின்றன.

நாம் சென்ற வள்ளத்தின் வெளிப்பொருத்து எஞ்சின் பழையது. இக்கரையில் பலவும் இவ்வகையே: பெட்ரோலில் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவர். அப்பாறைகளுக்கு நேரே வந்தபோது எஞ்சின் இருமுறை விக்கி நின்றுவிட்டது. அலை நம்மைப் பாறைப் பக்கமாகவே தள்ளியது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலைக் கண்ட இம்மக்கள், கடலில் எஞ்சின் நிற்பதைச் சிறு செய்தியாகக் கொள்வதில்லை. வள்ளத்திலிருந்த இளைஞர் ஒருவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றச் சாவியை எடுத்தார்.

“அத விடுலே!” என்றார் வள்ளக்காரப் பெரியவர். பெட்ரோலுக்கு மாற்றிக் கயிற்றை இழுத்தார். எஞ்சின் உடனே உயிர்பெற்றது. பாறைகளை விட்டு வெளியே கொண்டுபோய், நங்கூரம் போட்டு, எஞ்சினை நிறுத்தினார். பெட்ரோல் கலம் மிகச் சிறியது. அதைக் கொண்டு முட்டம் போய்ச் சேர இயலாது.

“சாமி, எஞ்சினுக்கு நோவு இல்ல. அதுக்குக் குடிக்கக் கிடைக்கல, அம்புட்டுத்தான்” என்றார் நம்மிடம்.

அவர் எண்ணியது தெளிவாயிருந்தது. பெட்ரோலில் ஓடுகிறதென்றால் தீப்பொறியும், பம்பும், கார்புரேட்டரும் நலமே. கோளாறு மண்ணெண்ணெய் வரும் வழியில் மட்டும். அவ்வழியைத் தொட்டியிலிருந்து தொடங்கி ஆராய்ந்தார். தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்தே இருந்தது. (அதை மூடி வைத்தால் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி, சிறிது நேரம் ஓடிய எஞ்சின் அடங்கிவிடும். திருகைத் திறக்க மறந்து எஞ்சினைக் குறைகூறுவோர் பலர்.) அடுத்து, குழாயின் நடுவே முட்டை வடிவில் இருக்கும் ரப்பர்ப் பந்தைப் பத்துமுறை அமுக்கினார். அது இறுகவேயில்லை. தானே உள்வாங்கி ஒட்டிக்கொண்டால் தொட்டிப் பக்கம் அடைப்பு. கல்லாய் இறுகியும் எஞ்சின் ஓடாவிட்டால் அடைப்பு அப்பால். எவ்வளவு அமுக்கியும் தளர்ந்தே இருந்தால் எங்கோ காற்று நுழைகிறது என்று விளக்கினார். தொட்டியோடு குழாய் சேருமிடத்தில், வெயிலில் காய்ந்த ரப்பர் மயிரிழைபோல் வெடித்திருந்தது. இரண்டு அங்குலத்தை வெட்டியெறிந்து, மீண்டும் செருகி, கவ்வியை முறுக்கினார். பந்து இறுகிற்று. கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

மீதி வழியெல்லாம் பேச்சு இதைப் பற்றியே. பீப்பாயில் நெடுநாள் நின்ற எண்ணெயின் அடியில் நீர் தங்கும், நீரே கனமானது. ஆதலால் அடிமட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றலாகாது. வடிகட்டிக் கிண்ணத்தின் அடியில் முத்துமுத்தாய் நீர் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். கார்புரேட்டரின் நுண்துளையைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். காற்றால் ஊதுவதே முறை. ஓடும்போது பந்தை அமுக்க அமுக்க வேகம் கூடினால், பம்பின் சவ்வு தளர்ந்திருக்கலாம். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. அது ஈரத்தை ஈர்ப்பது, பழைய ரப்பரை உப்பச் செய்வது. எனவே பழைய எஞ்சின் வைத்திருப்போர் குழாயை ஆண்டுதோறும் வளைத்துப் பார்ப்பது நன்று. நமது கணிப்பில் இவை யாவும் கரையில் செய்யவேண்டிய வேலைகள். புதுக் குழாய் வாங்குவதில் சிக்கனம் பார்ப்பது இம்மக்களின் வறுமையால் நேர்வதேயன்றி அறியாமையால் அன்று.

முட்டத்துக் கலங்கரை விளக்கம் மேட்டின்மேல் தெளிவாய்த் தெரிந்தபோது, பெரியவர் மண்ணெண்ணெயை அடைத்துப் பெட்ரோலுக்கு மாற்றினார். சில நிமிடம் அப்படியே ஓடவிட்டு, கரைக்குச் சற்று முன்பாக எஞ்சினை நிறுத்தினார்.

“நாளைக்கு வெளுப்பில இழுக்கும்போது உள்ள பெட்ரோல் நிக்கணும், சாமி” என்று சொல்லித் துடுப்பைக் கையிலெடுத்தார்.