கடைமடைக்காரர் கணக்கு

யுத்த காலத்துக் கரிவாயு பஸ்ஸைப் பற்றி என் பாட்டனார் ஓயாமல் கதை சொல்வார். 1940-களில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, பஸ்ஸோடு ஓர் அடுப்பைப் பொருத்தி, மரக்கரியை எரித்து, அதில் உண்டாகும் வாயுவைக் கொண்டே வண்டியை ஓட்டினார்கள். டிக்கெட் வாங்கியவர்களே சில சமயம் இறங்கித் தள்ளவும் வேண்டுமாம். "தள்ளினால் என்ன? கரியின் அருமை எங்களுக்குத் தெரிந்ததே!" என்று கதையை முடிப்பார்.

டீசலின் அருமை எனக்குத் தெரிவதற்கு நாற்பது வயது தாண்டவேண்டியிருந்தது. இத்தனைக்கும் நான் பௌதிக பாடம் நடத்தும் உபாத்தியாயன்!

சென்ற வருஷம் என் மோட்டார் சைக்கிள் ஒரு வாரம் பட்டறையில் கிடந்தது. வேறு வழியின்றி, தஞ்சைப் பழைய பஸ் நிலையத்திலிருந்து மருத்துவக் கல்லூரிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். டிரைவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அவர் வண்டி ஓட்டிய விதம் எனக்கு விசித்திரமாயிருந்தது. நிறுத்தம் கண்ணில் பட்டதுமே காலை எடுத்துவிடுவார். வண்டி தானாக நகர்ந்து, தாத்தா திண்ணையில் வந்து உட்காருவதுபோல் நிதானமாக நிற்கும்.

"இந்தச் சமதரையில் மலையா, மேடா? மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது, அண்ணே?" என்று கேட்டேன்.

"சமதரைதான் சார். ஆனா ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்னு கெளம்பணுமே! கிட்டே வர்ற வரைக்கும் மிதிச்சுட்டு, அப்புறம் பிரேக்கைப் பிடிச்சா எரிச்ச டீசல் வீண்தானே? நான் கடைமடை ஊர்க்காரன், சார். தண்ணியோட அருமை தெரிஞ்சவன் டீசலை வடிய விடுவானா?"

வாயடைத்துப் போனேன். அவர் சொன்னது என் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். நின்ற பஸ்ஸைக் கிளப்பி வேகம் கொடுக்க எரிபொருள் மிகுதியாகச் செலவாகிறது. பிரேக் பிடித்ததும் அந்த வேகமெல்லாம் உஷ்ணமாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. 2025 ஜூன் 30-ந் தேதி சென்னையில் 120 தாழ்தள மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. மின்சார பஸ்ஸில் வேகம் தணியும்போது மோட்டாரே ஜெனரேட்டராக வேலை செய்து, வீணாகும் சக்தியில் ஒரு பங்கைப் பாட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. டீசல் பஸ்ஸில் அந்த வசதி இல்லை. அங்கே டிரைவரின் கால்தான் காவல்.

இதை ஒன்பதாம் வகுப்பில் உற்சாகமாக எடுத்துச் சொன்னேன். பிறகு கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். பஸ் ஒரு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 50 பேர் ஏறினால், ஒரு லிட்டரில் 250 ஆள்-கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடினாலும், ஒருவர் மட்டும் போனால் 50-தான். கார் 15 ஓடும். தனியாகப் போகிறவருக்கு அந்த 15-தான்! அதே பஸ்ஸில் 10 பேர் மட்டும் இருந்தால் அதன் கணக்கும் 50-க்கு இறங்கிவிடும்.

பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "சார், நீங்க தனியா மோட்டார் சைக்கிள்லேதானே வர்றீங்க?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அன்று மாலை வரையில் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் பஸ்ஸை விட்டது அவசரத்தினால் அல்ல. சோம்பலினாலும், சற்றே கௌரவத்தினாலும்தான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கிறார்கள். என் மனைவியும் அதில்தான் கடைத்தெருவுக்குப் போய் வருகிறாள். வீட்டில் பஸ்ஸைக் கைவிட்டவன் நான் ஒருவன்தான்.

இன்ஜினைத் திருத்துவது நிபுணர்கள் வேலை. காலைப் பக்குவமாக வைப்பது டிரைவர் வேலை. ஆசனத்தை நிரப்புவதோ நம் வேலை. மேல்மடையில் அண்டை வயல்காரன் தண்ணீரை வீணாக்கினால் சண்டைக்குப் போகிற தஞ்சாவூர்க்காரர்களாகிய நாம், இந்த வேலையை மட்டும் பிறருக்கு விட்டுவிடுவது நியாயமா?

இப்போது வாரத்தில் நான்கு நாள் பஸ்ஸில் போகிறேன். ஐந்தாம் நாள் சோம்பல் ஜயித்துவிடுகிறது, அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதல் வாரம் டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "என்ன சார், வண்டி இன்னும் ரிப்பேரா?"

"வண்டிக்கு இல்லை, அண்ணே. ரிப்பேர் எனக்குத்தான்" என்றேன்.