லாங்வுட் சோலையைக் காத்தவர்கள்

கோத்தகிரியில் வளர்ந்தவர்களுக்குச் சோலை என்றால் ஒன்றுதான். ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கரும்பச்சையாகத் தெரியும் லாங்வுட் சோலை. மொத்தமே 116 ஹெக்டேர். சுற்றிலும் இருந்ததெல்லாம் தேயிலையாகிப் போனபோது இது மட்டும் எப்படித் தப்பியது என்று சிறுவயதில் நாங்கள் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டதில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பது பிறகு தெரிந்தது.

வெயில் அடிக்கும் நாளில் உள்ளே நுழைந்தாலும் கண் பழக நேரமாகும். மரங்கள் உயரமில்லை, குட்டையாக, முறுக்கிக்கொண்டு, அடிமுதல் கிளைவரை பாசி படர்ந்து நிற்கும். தளிர்விடும் பருவத்தில் மேல் கூரை முழுக்கச் செம்பு நிறம். எங்கிருந்தோ சிரிப்பான் பறவைக் கூட்டம் ஒன்று கத்தத் தொடங்கினால் அடுத்த கூட்டம் பதில் சொல்லும். காலடியில் தலைமுறை தலைமுறையாக உதிர்ந்த இலை. மழையையும் மஞ்சையும் அந்த இலைமெத்தை பஞ்சுபோல் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். கீழே உள்ள பல கிராமங்கள் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருந்தன.

நீலகிரியில் இயற்கையைக் காக்கச் சங்கம் வைப்பது புதிதல்ல. 1877-லேயே இங்கே ஒன்று தொடங்கியது. வைத்தவர்கள் வேட்டைக்காரர்கள். சுடுவதற்கு நாளைக்கும் விலங்கு வேண்டுமே என்ற கவலை அவர்களுக்கு. 1879-ல் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் தனிச் சட்டமே வந்தது. அதே காலத்தவர்கள்தான் புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் சீகையையும் நட்டார்கள். அவை மலையையே பிடித்துக்கொண்டன.

லாங்வுட் சோலைக்கு அமைந்த பாதுகாப்புக் குழு வேறு மாதிரி. துப்பாக்கியும் கிடையாது, பங்களாவும் கிடையாது. நான் பார்த்த முகங்கள் வாத்தியார்கள், கடைக்காரர்கள், ஒன்றிரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தவர்கள். வனத்துறைக்கு மனு எழுதுவார்கள். மரம் வெட்டிய தடம் தெரிந்தால் போய்ப் பார்ப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சோலைக்குள் நடப்பார்கள். வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளை வேரோடு பிடுங்குவார்கள். பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கு மறுபடி முளைக்கும், மறுபடி பிடுங்குவார்கள். பேப்பரில் வரக்கூடிய வேலை ஒன்றும் இல்லை.

அவர்களுக்கு உண்மையான சங்கடம் கோடாலிக்காரர்களிடமிருந்து வரவில்லை, விறகுக்காரப் பெண்களிடமிருந்து வந்தது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர். சமையலுக்கும் விறகு, வெந்நீருக்கும் விறகு, ராத்திரி கணப்புக்கும் கரி. கேஸ் சிலிண்டர் சில வீடுகளில்தான் இருந்தது. தோட்ட வேலை முடித்து வரும் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்த காடு சோலைதான்.

எங்கள் தோட்ட லைன் வீடுகளில் இருந்த பாட்டி ஒருத்தியை ஒருநாள் குழுவைச் சேர்ந்த வாத்தியார் வழியில் பார்த்துவிட்டார்.

“பாட்டி, பச்சை மரத்துல கை வைக்காதீங்க. தண்ணி நின்னுடும்.”

“தண்ணி நின்னா நாளைக்குத்தான் சார் தாகம். அடுப்பு எரியலேன்னா இன்னைக்கே பசி.”

வாத்தியாருக்குப் பதில் வரவில்லை. ஆனால் பாட்டி அதன்பிறகு சீகை மரங்கள் இருந்த மேட்டுக்குத்தான் விறகுக்குப் போனாள். போகவர தூரம் அதிகம், ஏற்றமும் அதிகம். திட்டிக்கொண்டேதான் போவாள். அவளைப் பார்த்து வேறு சிலரும் போனார்கள். பயந்தா, வெட்கப்பட்டா, தண்ணீரை நினைத்தா என்று யாரும் கேட்கவில்லை. வீடுகளுக்கெல்லாம் சிலிண்டர் வந்த பிறகு அந்த நடை நின்றது. சோலை ஓரத்தில் ஒற்றையடிப் பாதைகள் புல் மூடிப்போயின.

2024 ஜனவரியில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டியோடு சேர்த்து லாங்வுட் சோலையையும் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். ஏரியும் சதுப்பும் இருக்கும் பட்டியலில் மலைக்காடு எப்படி வந்தது என்று வெளியூர் நண்பர்கள் கேட்டார்கள். அந்த இலைமெத்தையில் ஒருமுறை கால் வைத்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

ஊர் இப்போது வேறு. மலைச்சரிவில் காட்டேஜ்கள் ஏறுகின்றன. தேயிலைக்குள் காட்டெருமை மேய்கிறது. கரடி ராத்திரியில் கோயில் கதவை உடைத்து விளக்கில் இருக்கும் எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது. சோலைக்கு வெளியே அவற்றுக்கு இடம் குறைந்துவிட்டது. இனி வரும் சண்டை நிலத்தை விலைபேசுகிறவர்களோடு; அவர்களிடம் பாட்டியிடம் சொன்னதுபோல் சொல்லிப் பயனில்லை. குழுக்களுக்கு மனுவும் வழக்கும் தெரிந்த ஆட்கள் தேவைப்படும்.

சோலையைக் காத்தவர்கள் என்று யாராவது பெயர் எழுதினால், மனுப் போட்டவர்கள் பெயர் கட்டாயம் இருக்கும், இருக்கவும் வேண்டும். அதே பக்கத்தில் தலைச்சுமையோடு அந்த மேட்டைச் சுற்றிப்போன பெண்களையும் எழுத வேண்டும். சோலைக்காகக் கையிலிருந்து எதையாவது விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.