நடுவில் வரும் பந்து

தனி வீரனுக்குக் கிடைக்கும் புகழில் கால் பங்குகூட ஜோடிக்குக் கிடைப்பதில்லை. டென்னிஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றையர் ஆட்டத்தில் ஜயித்தவரின் பெயர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். வருஷ முடிவில் இரட்டையர் பட்டம் பெற்றவர்கள் யார் என்று கேட்டாலோ, "அதற்கும் பந்தயம் உண்டா, ஸார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

உண்டு, அதுவும் சாமானியமான பந்தயம் அன்று. வருஷம் முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர்களில் முன்னணியில் நிற்கும் எட்டு ஜோடிகளை மட்டுமே அதற்கு அழைக்கிறார்கள். நான்கு நான்கு ஜோடிகளாக இரண்டு பிரிவு. ஒவ்வொரு ஜோடியும் தன் பிரிவிலுள்ள மற்ற மூன்றுடனும் மோத வேண்டும். ஆகையால் முதல் நாள் தோற்றவர்கள் அன்றே மூட்டை கட்ட வேண்டியதில்லை. 1986 முதல் பல வருஷங்கள் இந்தப் பந்தயம் ஒற்றையரை விட்டுப் பிரிந்து லண்டன், ஜோஹானஸ்பர்க், ஜகார்த்தா, ஹார்ட்போர்ட் என்று தனிக்குடித்தனம் நடத்தியது. 2003இல் மறுபடியும் கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது.

கணக்கு உபாத்தியாயனாகிய எனக்கு முதலில் கண்ணில் படுவது அளவுகள்தான். ஒற்றையர் ஆட்டத்துக்கு ஆடுகளத்தின் அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. இங்கே ஆளுக்கு 18 அடிதான். பாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதாகக் கணக்குச் சொல்கிறது. ஆனால் இருவருக்கும் நடுவே வரும் பந்து இருக்கிறதே, அது எந்தக் கணக்குக்கும் அடங்காது. "அவர் அடிப்பார்" என்று இவரும், "இவர் அடிப்பார்" என்று அவரும் நிற்க, பந்து இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடும்.

பள்ளிக்கூடத்தில் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஒரு வருஷம் ஆண்டு விழாப் பரிசுப் புத்தகங்களை வாங்கும் பொறுப்பு, மகா திறமைசாலிகளான இரண்டு ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பரிசு வழங்கத் தலைவர் எழுந்து நின்ற பிறகுதான் புத்தகங்கள் இன்னும் கடையிலேயே இருக்கின்றன என்று தெரிந்தது. ஒருவரிடம் மட்டும் விட்டிருந்தால் வந்து சேர்ந்திருக்கும்!

நல்ல ஜோடி இதற்கு இடம் வைப்பதில்லை. வலையருகே நிற்பவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஸர்வீஸ் போடுகிறவருக்கு விரலால் ஜாடை காட்டுகிறார். பந்து வரும்போது "என்னுடையது" என்று ஒருவர் குரல் கொடுத்தால், அவர் விட்டு வந்த இடத்தைக் காக்க மற்றவர் ஓடுகிறார். ஜான் மெக்கன்ரோவும் பீட்டர் பிளெமிங்கும் 1978 முதல் 1984 வரை ஏழு பட்டங்களைத் தொடர்ந்து பெற்றார்கள். இரட்டைப் பிள்ளைகளான பாப், மைக் பிரையன் சகோதரர்கள் நான்கு முறை ஜயித்தார்கள். 2018இல் இடுப்பு உபாதையால் பாப் ஆட முடியாமற்போக, மைக், ஜாக் ஸாக் என்பவருடன் சேர்ந்து பட்டத்தைப் பெற்றார். ஜோடிப் பொருத்தம் பிறப்பினால் மட்டும் வருவதன்று; அது கற்றுக்கொள்ளக் கூடிய வித்தை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2000இல் இந்தப் பந்தயம் பெங்களூருக்கே வந்தது. லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் முந்திய வருஷம் நான்கு பெரும் பந்தயங்களிலும் இறுதியாட்டத்தை எட்டி, பிரெஞ்சு, விம்பிள்டன் பட்டங்களைக் கொண்டுவந்தவர்கள். வருஷ முடிவுப் பட்டம் மட்டும் 1997இலும் 1999இலும் இறுதியில் நழுவியிருந்தது. சொந்த ஜனங்களின் முன்னிலையிலாவது கைகூடாதா என்று, அப்போது கல்லூரி விடுதியிலிருந்த நாங்கள் ஏங்கினோம். இறுதியாட்டத்தில் டொனால்ட் ஜான்ஸனும் பீட் நார்வாலும் நேர் செட்டுகளில் நம்மவர்களைத் தோற்கடித்தார்கள்.

அன்றிரவு விடுதியில் இரண்டு கட்சிகள் கிளம்பின. தப்பு பயஸ் மீது என்றது ஒன்று. பூபதி மீது என்றது மற்றொன்று. ஜயித்தபோது "நம்மவர்கள்" என்று ஒரே சொல்லாக இருந்தது, தோற்றதும் இரண்டு பெயர்களாகப் பிளந்துவிட்டது! அவ்விருவருமோ அடுத்த வருஷமே சேர்ந்து ஆடிப் பிரெஞ்சுப் பட்டத்தை மீண்டும் ஜயித்தார்கள்.

நாங்கள் கொடுக்கும் மார்க்குப் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி வரி. பக்கத்துப் பிள்ளையின் குறையைத் தாங்கிக்கொண்டவனுக்கு அதில் கட்டம் கிடையாது. ஆனால் இவர்கள் வளர்ந்து நடத்தப்போகும் குடும்பம், கடை, காரியாலயம், ஊர்ச் சபை எல்லாம் ஜோடி ஆட்டமல்லவா? ஆகவே இந்த வருஷம் என் வகுப்பில் வாரம் ஒரு நாள் இருவருக்கு ஒரே விடைத்தாள், ஒரே மார்க்கு என்று ஏற்பாடு செய்தேன். "அடுத்த பிள்ளையால் என் பிள்ளையின் மார்க்கு ஏன் குறைய வேண்டும்?" என்று தகப்பனார் ஒருவர் வந்து ஆட்சேபித்தார். நியாயமான கேள்விதான். "இந்தப் பருவம் முடியும்வரை பொறுத்துப் பாருங்கள்" என்று வேண்டிக்கொண்டேன்.

சென்ற வாரம் ஒரு விடைத்தாளில் கடைசிக் கணக்கு தப்பாயிருந்தது. எழுதிய இருவரையும் அழைத்து, "யார் செய்த தப்பு?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தகப்பனாரின் பிள்ளைதான் வாயைத் திறந்தான்:

"நாங்கள் செய்ததுதான், ஸார்."